லீத் தெருவின் நீல வீடு: நான்கு நாள் குறிப்புகள்

முதல் நாள், திங்கள் இரவு

திருச்சியில் நள்ளிரவு விமானமேறி, கோலாலம்பூரில் வேறொன்றுக்கு மாறி, காலை பத்தரை மணிக்குப் பினாங்குத் தீவின் தென்பகுதியிலுள்ள பயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கினோம். இந்தியர்களிடம் மலேசியா 2023 டிசம்பரிலிருந்து விசா கேட்பதில்லை என்பதால், கிளம்புவதற்கு முன் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பியதைத் தவிர வேறு சிரமமில்லை. சிரமம் பெட்டி வடிவில் வந்தது, அல்லது வராமல் போனது. என் பெட்டி வந்துவிட்டது. என் கணவரின் பெட்டி மட்டும் எங்கோ நின்றுவிட்டது. ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, உடுத்தியிருந்த வெள்ளைச் சட்டையோடு மட்டும் அவர் ஊருக்குள் நுழைந்தார்.

இந்தப் பயணம் எங்கள் மகள் கொடுத்த அறுபதாம் கல்யாணப் பரிசு. திருக்கடையூரில் முறையாகச் செய்து முடித்தபின், "அப்பச்சியின் ஐயா வேலை பார்த்த ஊரை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்" என்று தன் அப்பாவின் தாத்தா இருந்த ஊரைச் சொல்லி, தங்குமிடத்தையும் அவளே பதிவு செய்திருந்தாள். ஜார்ஜ் டவுன் நகரின் நடுவில், லீத் தெருவில் இருக்கும் சியோங் ஃபாட் ஸே மாளிகை. மொத்தம் பதினெட்டே அறைகள் கொண்ட விடுதி. வாடகையைக் கேட்டதும் எனக்கு மயக்கம் வந்தது என்பதை மட்டும் இங்கே பதிகிறேன்.

வண்டி ஓட்டி வந்தவர் தமிழர். விலாசத்தைச் சொன்னதும் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "புளூ மேன்ஷனா? அங்க எல்லாரும் கல்யாணப் படம் எடுக்கத்தாம்மா போவாங்க. படுத்துத் தூங்கப் போற ஆளுங்கள நான் ஏத்துறது இதுதான் முதல் தடவை."

வீட்டின் நிறத்தைப் படங்களில் பலமுறை பார்த்திருந்தும் நேரில் பார்த்தபோது கொஞ்சம் திகைப்பாகத்தான் இருந்தது. வான நீலமும் இல்லை, கடல் நீலமும் இல்லை. வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடும்போது வாளித் தண்ணீரில் முதல் துளி விழுந்து விரியும் கணத்தில் தெரியுமே, அந்த அடர்த்தி. உச்சி வெயிலிலும் அந்தச் சுவர் கண்ணைக் கூசச் செய்யவில்லை. தெருவுக்கு இணையாக நில்லாமல் வீடு சற்றே திரும்பி நிற்பதைக் கவனித்த என் கணவர், நாற்பது ஆண்டு பொதுப்பணித்துறைப் பழக்கத்தில், "மூலை மட்டம் பிசகிவிட்டது" என்றார். பிசகவில்லை, அது சீன வாஸ்துவான ஃபெங் சுயி கணக்குப்படி வேண்டுமென்றே திருப்பி வைத்தது என்று வரவேற்பில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள்.

வாசற்படியைத் தாண்டி, பொன் பூசிய மரச் செதுக்குத் தட்டிகளைக் கடந்து உள்ளே வந்ததும் நான் நின்றுவிட்டேன். முன்னால் வானம் திறந்த முற்றம், தரையில் பாளக்கல், சுற்றிலும் தாழ்வாரம், மேலே மாடிச் சுற்று. எங்கள் செட்டிநாட்டு வீட்டின் வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய கட்டுக்குள், நிற்பது போலவே இருந்தது. வேறுபாடு தூண்களில்தான். எங்கள் வீட்டில் ஒற்றை மரத்தில் கடைந்த பர்மாத் தேக்கு. இங்கே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து வார்ப்பாலையில் செய்த வார்ப்பிரும்பு, அதன் மேல் பின்னலிட்டது போன்ற பூ வேலை. இரண்டு வீட்டையும் கட்டியவர்கள் ஒருவரையொருவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே கடலில் பணம் தேடியவர்கள்; மழையும் வெளிச்சமும் வீட்டுக்கு நடுவில் இறங்க வேண்டும் என்று இரு தரப்புமே நினைத்திருக்கிறார்கள்.

எங்கள் அறை மாடியில், பின்பக்க முற்றத்தைப் பார்த்தபடி இருக்கிறது. உயரமான கூரை, சாய்வுப் பலகைகள் வைத்த மரச் சன்னல்கள், நடந்தால் மெல்ல முனகும் பலகைத் தளம். பயண அலுப்பில் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டோம். எழுந்தபோது மாலை, வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் இந்த வீட்டுக்கு வேறு முகம் வருகிறது. நகரத்தின் நடுவில், பினாங்கு சாலை இரண்டு நிமிட நடையில் இருக்கும்போது, முற்றத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு வண்டிச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. சுவர்களின் பருமன் அப்படி. கொடுத்த பணத்துக்கு எது சொகுசு என்று என்னைக் கேட்டால் மெத்தையையோ குளியலறையையோ சொல்ல மாட்டேன். பகலெல்லாம் ஊர் பார்க்கும் ஒரு வீட்டில் இருட்டியபின் நமக்கு மட்டும் உட்கார இடம் கிடைப்பதைத்தான் சொல்வேன்.

இரண்டாம் நாள், செவ்வாய் இரவு

இன்று முழுவதும் வீட்டுக்குள்ளேயே கழிந்தது. காலையில் வழிகாட்டியுடன் ஒரு சுற்று, மதியம் நாங்களாகவே ஒரு சுற்று, இரவு உணவுக்கு முன் என் கணவர் மட்டும் தனியாகச் சுவர் சுவராக ஒரு சுற்று.

முதலில் கட்டியவரைப் பற்றி. சியோங் ஃபாட் ஸே 1840-இல் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் ஓர் ஏழை ஹக்கா குடும்பத்தில் பிறந்தவர். பதின்ம வயதில் பிழைப்புத் தேடி அன்றைய டச்சுக்காரர்களின் பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கப்பலேறினார். தண்ணீர் சுமந்து பிழைப்பைத் தொடங்கினார் என்பார்கள். மாமனாரின் பணத்தில் கடை வைத்து, வரி வசூல் குத்தகைகள், தோட்டங்கள், கப்பல்கள் என்று பெருகி, சுமத்திராவிலிருந்து பினாங்கு வரை அவர் கை நீண்டது. 1892-இல் வட சீனாவின் யன்டாயில் சாங்யு என்ற திராட்சை மது ஆலையைத் தொடங்கினார்; அது இன்றும் நடக்கிறது. அதன் மது 1915-இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது. சீனப் பேரரசின் துணைத் தூதராகப் பினாங்கில் பதவி வகித்ததால், இந்த வீடு குடும்ப வீடாகவும் அலுவலகமாகவும் இருந்திருக்கிறது. 1916-இல் அவர் இறந்தபோது டச்சு அதிகாரிகளும் ஆங்கில அதிகாரிகளும் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டதாக வழிகாட்டி சொன்னார்.

வீட்டுக் கணக்கு: முப்பத்தெட்டு அறைகள், ஐந்து முற்றங்கள், ஏழு படிக்கட்டுகள், இருநூற்று இருபது சன்னல்கள். எட்டு மனைவியருள் ஏழாமவர் மேல் அவருக்குப் பிரியம் அதிகம் என்றும், இது அந்த ஏழாமவர் வாழ்ந்த வீடு என்றும் வழிகாட்டி சொல்லிக் கண்ணடித்தார். எட்டுக்கும் ஏழுக்கும் கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இருநூற்று இருபது சன்னல்களைத் தினமும் காலையில் திறந்து மாலையில் மூடியது யார் என்றுதான் தோன்றியது. தெருவுக்கு எதிர்ப்புறம் ஒரே வரிசையாக நிற்கும் வீடுகள் அவருடைய வேலையாட்களுக்காகக் கட்டப்பட்டவை என்று சற்று நேரத்தில் விடை கிடைத்தது.

கூரை முகடுகளிலும் வாசல் மேற்சுவரிலும் இருக்கும் வண்ணச் சிற்பங்களை நேற்று நான் வர்ணம் பூசிய சுதை என்று நினைத்திருந்தேன். இல்லை. வண்ணப் பீங்கான் கிண்ணங்களைக் குறடால் நறுக்கி, ஒவ்வொரு சில்லையும் இதழாகவும் இறகாகவும் செதிளாகவும் சுண்ணாம்பில் பதித்து உருவாக்குவது. தென்சீனக் கோயில்களில் செய்யும் வேலை. மாடிச் சன்னலிலிருந்து ஒரு பறவையின் வாலை மிக அருகில் பார்க்க முடிந்தது. ஒவ்வொரு இறகும் கிண்ணத்தின் வளைவை அப்படியே வைத்திருக்கிறது. கிண்ணம் வளைந்திருந்ததால்தான் இறகுக்கு அந்த உயிர் வந்திருக்கிறது. ஒரு சில்லின் ஓரத்தில் குறடு கடித்த பிசிறு கூட அப்படியே இருந்தது.

தரையில் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் வட்டாரத்து ஓடுகள். மேலே பூசிய வண்ணமாக இல்லாமல் வெவ்வேறு நிறக் களிமண்ணையே பதித்துச் சுட்டவை, ஆகவே நூறு ஆண்டு மிதிபட்டும் பூ அழியவில்லை. எங்கள் ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் வார்த்து வெயிலில் உலர்த்துவது, சூளைக்குப் போகாதது. அதுவும் மிதிபட மிதிபடத்தான் மெருகேறும். இரண்டையும் ஒப்பிட்டு எது மேல் என்று கேட்டால் நான் ஊர்ப் பக்கம்தான் சாய்வேன், நீதிபதியாக என்னை நியமிக்க வேண்டாம்.

இனி நிறத்துக்கு வருகிறேன். வெள்ளை சீனர்களுக்குத் துக்க நிறம். ஆகவே வெறும் சுண்ணாம்பை அடிக்காமல் அதில் அவுரி நீலத்தைக் கலந்தார்கள். அந்த நீலம் ஆங்கிலேயர் வழியாக இந்தியாவிலிருந்து வந்தது என்று வழிகாட்டி சொன்னபோது கூட்டத்தில் நாங்கள் இருவர் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தென்னாற்காட்டில் அவுரி ஊறவைத்த தொட்டிகளின் காலம் அது. 1897-இல் ஜெர்மானியர்கள் ஆலையில் செய்த செயற்கை நீலத்தை விற்கத் தொடங்கியதும் நம் பக்கத்து அவுரிச் சாகுபடி சரிந்துபோனது. இந்த வீட்டின் முதல் பூச்சில் இருந்தது எந்த மாவட்டத்து இலை என்று யாராலும் சொல்ல முடியாது. இருந்தாலும் கடலூர்ப் பக்கத்து இலையாக இருந்திருக்கலாமே என்று நினைத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை.

என்னை நாள் முழுக்க விடாமல் பிடித்திருந்தது இவற்றில் எதுவுமில்லை, உயில்தான். கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று பெரியவர் எழுதி வைத்துவிட்டார். அந்த மகன் பிறந்தபோது தந்தைக்கு எழுபத்து நான்கு வயது. மகன் இறந்தது 1989-இல். ஆக எழுபத்து மூன்று ஆண்டுகள் வீட்டை யாரும் விற்க முடியவில்லை. விற்க முடியாத வீட்டுக்குச் செலவு செய்யவும் ஆளில்லை. அறை அறையாகக் குடித்தனங்கள் ஏறின, கூரை ஒழுகியது, செதுக்கு வேலைகளின் மேல் கரி படிந்தது. மகன் போனபின் உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து, இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டும் ஆசையில் இருந்தவர்கள் கைக்குப் போகாமல் வாங்கி, லாரன்ஸ் லோ என்ற கட்டடக் கலைஞரின் பொறுப்பில் 1990-களில் புதுப்பித்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் முதன்மையானது இதற்குக் கிடைத்தது. புதுப்பித்த வீடு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளத்தான் இந்த விடுதி.

எங்கள் ஊர் வீட்டில் இன்று பதினான்கு புள்ளி. புள்ளி என்றால் கல்யாணமான ஒரு குடும்பம், ஒரு பங்கு. உயில் எதுவும் கிடையாது, ஆனால் பதினான்கு கையெழுத்து ஒரே தாளில் விழ வேண்டும் என்பது உயிலை விடக் கெட்டியான பூட்டு. ஒருவர் ஹூஸ்டனில், இருவர் சிங்கப்பூரில், ஒருவர் யாரோடும் பேசுவதில்லை. பொங்கலுக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் திறக்கிறோம். மற்ற நாட்களில் பெரிய ஆச்சி மட்டும் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இருந்துகொண்டு விளக்கேற்றுகிறார்.

மாலையில் என் கணவர் சுவரோரமாகக் குனிந்து பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒட்டிய மெல்லிய நீலப் பொடியைத் தம்மிடமிருந்த ஒரே சட்டையில் துடைத்தும் விட்டார். பிறகு சற்று நேரம் பேசவில்லை. காரணம் எனக்குத் தெரியும். பழைய செங்கல் சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமென்ட் விடாது. விடாத ஈரம் இன்னும் மேலே ஏறி, உள்ளேயே உப்பாகப் பூத்து, செங்கல்லை மாவாக்கும். 2009-இல் எங்கள் வீட்டு மூன்றாம் கட்டில், முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்திருந்த பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு, "இனி நூறு வருடத்துக்குக் கவலையில்லை" என்று சிமென்ட் பூசியவர் இந்தப் பொறியாளர்தான். நான்காம் ஆண்டே இடுப்புயரத்துக்கு உப்பு பூத்துவிட்டது. இன்று வரை அதற்கு ஆற்று மணலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள், புதன் இரவு

பெட்டி இன்னும் வரவில்லை. காலையில் லெபு பசாரில், அதாவது லிட்டில் இந்தியா என்று எல்லோரும் சொல்லும் கடைத்தெருவில், அவருக்கு இரண்டு சட்டை வாங்கினோம். நீலக் கறை படிந்த வெள்ளைச் சட்டையைத் துவைக்கக் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை.

அங்கிருந்து பினாங்கு தெருவுக்குப் போனோம். ஆங்கிலத்தில் பினாங்கு தெரு வேறு, பினாங்கு சாலை வேறு. இதை நாங்கள் நடந்து களைத்தபின் கற்றுக்கொண்டோம். எங்கள் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், இங்கே வந்து கிட்டங்கி போட்டுக் கொடுக்கல் வாங்கல் நடத்திய தெரு இது. கிட்டங்கி என்பது ஒரு நீளமான கூடம். ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கு முன்னால் சாய்வு மேசை, பின்னால் பாய். பகலில் வட்டிக் கடை, இரவில் படுக்கை. என் கணவரின் ஐயா பதினைந்து வயதில் பெட்டியடிப் பையனாக வந்து, அடுத்தாளாக உயர்ந்து, மேலாள் ஆவதற்குள் 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். சண்டை முடிந்தபின் 1946-இல் ஊர் திரும்பியவர் மறுபடி கப்பலேறவில்லை. மூன்று வருடக் கணக்கு முடித்து ஆறு மாதம் ஊரில் இருந்து திரும்பும் அந்த வாழ்க்கையைக் கொண்டுவிக்கப் போதல் என்பார்கள். அவர் கொண்டுவித்த பணத்தில்தான் எங்கள் வீட்டு மாடி எழுந்தது.

அவர் இருந்த கிட்டங்கி எண்ணை நாங்கள் குறித்துக்கொண்டு வந்திருந்தோம். அந்த எண்ணில் இப்போது கைப்பேசி உதிரிபாகக் கடை. பையன் ஒருவன் உள்ளே கூப்பிட்டுக் காட்டினான். நீளம் அப்படியே இருக்கிறது, கூடம் தடுப்புகளாகப் பிரிந்துவிட்டது. அதே தெருவிலுள்ள கோயில் வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். தைப்பூசத்துக்கு முந்தைய நாள் வெள்ளி ரதம் இங்கிருந்துதான் புறப்பட்டு, நீர்வீழ்ச்சிச் சாலைத் தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகிறது. அந்தக் கோயில் 1857-இல் நகரத்தார் கட்டியது. வழியெங்கும் சீனர்கள் தேங்காய் உடைத்துக் குவிப்பார்கள் என்று அங்கிருந்த பெரியவர் சொன்னார்.

திரும்பி நடக்கும்போது பார்த்தது: இரண்டு மூன்று தெருக்களுக்கு ஒரு பழைய கடைவீடு விடுதியாகியிருக்கிறது. கீழே கடை, மேலே வீடு, உள்ளே காற்றுக்கு ஒரு சிறு முற்றம் என்ற அமைப்பு ஆறு, எட்டு அறை விடுதிக்கு அளவெடுத்தது போல் பொருந்திவிடுகிறது. இதற்கும் ஒரு பின்கதை உண்டு. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் இந்த வீடுகளில் மிகக் குறைந்த வாடகையில் மூன்று தலைமுறைகள் குடியிருந்தார்கள். வாடகை ஏறாததால் உரிமையாளர்கள் பழுது பார்க்கவில்லை, பழுது பார்க்காவிட்டாலும் இடிக்க முடியவில்லை. நகரம் பழைமை மாறாமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். 2000-ஆம் ஆண்டின் முதல் நாளோடு அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. வாடகை ஏற, குடியிருந்தவர்களில் பெரும் பகுதியினர் வெளியேறினார்கள். 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஜார்ஜ் டவுனைச் சேர்த்தபோது சுவர்கள் இருந்தன, அவற்றுக்குள் வாழ்ந்தவர்கள் பலர் இல்லை. ஒரு வாசலில் பாட்டி ஒருவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த மூன்று வாசல்களிலும் விருந்தினர்களின் பெட்டிகள் நின்றன. அந்தப் பெட்டிகளில் ஒன்றைப் போன்ற பெட்டியோடு வந்தவள்தான் நானும் என்பதால் இதைப் பற்றி உரக்கப் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பிரித்து விற்ற வீடுகளின் நிலைக்கதவுகளும் தூண்களும் கண்ணாடி அலமாரிகளும் விலைச்சீட்டோடு சாய்ந்து நிற்பதை ஒரு முறை பார்த்தவர்களுக்கு, விடுதியாக மாறிய வீட்டின் மேல் கோபம் எளிதில் வராது.

மதியச் சாப்பாடு நாசி கண்டார். சோற்றுப் பானையையும் குழம்புப் பானையையும் தோள் காவடியில் தொங்கவிட்டு விற்ற தமிழ் முஸ்லிம்கள் ஆரம்பித்த சாப்பாடு. கண்டார் என்றால் மலாயில் தோளில் காவடி சுமப்பது. மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு என்று நான்கைந்து குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றச் சொல்வதற்கு இங்கே ஒரே சொல்: "பஞ்சிர்". வெள்ளம் என்று பொருள். என் கணவர் வெள்ளம் கேட்டார். புதுச் சட்டையும் போயிற்று.

நான்கு மணிக்கு வானம் இருண்டது. வேகமாக விடுதிக்குத் திரும்பி நடு முற்றத்தின் தாழ்வாரத்தில் இடம் பிடித்துக்கொண்டேன். நான் இந்த வீட்டிடம் கேட்டது ஒரே ஒரு மழைதான், கிடைத்தது. முதலில் பாளக்கல்லில் காசு காசாகப் பெரிய துளிகள். பிறகு ஓட்டு விளிம்பு நான்கும் சேர்ந்து இறங்க, முற்றத்தைச் சுற்றித் தண்ணீர்த் திரை விழுந்தது. திரைக்கு அப்பால் இருந்த வார்ப்பிரும்புப் பூக்கள் அசைவது போலத் தெரிந்தன. தண்ணீர் செல்வம் என்பது இவர்கள் கணக்கு. அதனால் வீட்டுக்குள் இறங்கும் மழையை உடனே வெளியே விரட்டாமல் தரைக்கடியில் சுற்ற விட்டுத்தான் அனுப்புகிறார்களாம். முற்றத்தில் கணுக்காலளவு தேங்கியது, பிறகு எந்த வழி என்று தெரியாமல் மெல்ல வடிந்தது. ஐந்து நிமிடத்தில் உடம்பில் குளிர் தட்டியது.

ஊரில் மழை வந்தால் வளவு முற்றத்தின் நான்கு மூலையிலும் பித்தளை அண்டா வைப்போம். ஓட்டுத் தண்ணீர் முதலில் கலங்கலாக வரும், அதைக் கொட்டிவிட்டு இரண்டாவது அண்டாவைப் பிடித்தால் குடிக்கலாம். நான் கல்யாணமாகி வந்த வருடம், ஐப்பசி மழையில், அந்த இரண்டாவது அண்டாத் தண்ணீரில் என் மாமியார் பருப்பு வேகவைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து மழையைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் பெண்ணுக்கு இதை என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, "அந்த வீடு இப்போது இருக்கிறதா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அப்படியானால் நீங்கள் ஏன் பணம் கொடுத்து இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்றாள். குறும்பாகத்தான் கேட்டாள். பங்காளி என்ற சொல்லுக்கு ஆங்கிலம் தேடிக் கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, "பதினான்கு பேர்" என்று மட்டும் சொன்னேன்.

நான்காம் நாள், வியாழன் காலை

விமானம் மதியம். காலையுணவுக்கு முன் விடுதிக்காரர்களிடம் சொல்லி, வீட்டுப் பழுதுவேலைகளைக் கவனிக்கும் ஒருவரைச் சந்திக்க ஏற்பாடு செய்துகொண்டார் என் கணவர். இருவரும் அரைகுறை ஆங்கிலத்திலும் முழுக் கைச்சைகையிலும் சுவரின் அடிப்பகுதியைச் சுட்டிக்காட்டி அரை மணி நேரம் பேசினார்கள். சிமென்ட் பூச்சை எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடை முழுக்கத் திறந்தே காயவிட்டு, அதன் பிறகுதான் சுண்ணாம்பு. அவசரப்பட்டால் மறுபடி உப்பு வரும். இதைத் தம் சின்னக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவர், பக்கத்தின் மேலே "மூன்றாம் கட்டு" என்று தலைப்பிட்டு இரண்டு கோடு இழுத்ததை நான் பார்த்தேன். நம் பக்கத்திலும் கானாடுகாத்தான், கடியாபட்டி போன்ற ஊர்களில் விடுதியான வீடுகள் இருக்கின்றன, அங்கேயும் போய்ப் பார்க்கலாம் என்றேன். "அங்கேயெல்லாம் என்னைத் தெரிந்த கொத்தனார்கள் இருப்பார்கள்" என்றார். சிமென்ட் பூசியவர் சுண்ணாம்பு கேட்டுப் போக வேண்டும் என்றால் கடல் தாண்டித்தான் போக வேண்டும் போலிருக்கிறது.

பெட்டி கிடைத்துவிட்டது, திருச்சிக்கே திருப்பி அனுப்புகிறோம் என்று செய்தி வந்தது. நான்கு நாளில் அவருக்கு வந்த ஒரே நல்ல செய்தி என்று அதையும் சேர்த்துக்கொண்டார்.

முற்றத்தில் உட்கார்ந்தபடி பெரிய ஆச்சியைக் கைப்பேசியில் அழைத்து, படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். தூணைப் பார்த்தார், தட்டியைப் பார்த்தார், நீலச் சுவரைப் பார்த்ததும் "வெள்ளையடிக்கிற ஆளு நீலத்தை அதிகமாக் கொட்டிப்புட்டானா?" என்று கேட்டார். ஒரு நாள் வாடகை என்னவென்று விசாரித்தபோது பாதியாகக் குறைத்துச் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

"இம்புட்டுக் காசுக்கு நம்ம வளவுல ஒரு பக்கம் ஓடு மாத்திப்புடலாமே, தம்பி கிட்டச் சொன்னியா?"

"அவுக குறிப்பெடுத்துக்கிட்டிருக்காக ஆச்சி."

"எடுக்கட்டும். மித்த பதிமூணு பேருக்கும் அந்தப் படத்தை அனுப்பி விடு. ஆமா, அந்த முத்தத்துல வத்தல் காயப் போட விடுவாகளா?"

விட மாட்டார்கள் என்றேன். "அப்பறம் என்ன முத்தம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.